காலை ஆறு மணி எண்கள்

ஜனவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நானும் இவரும் மகளும் சுகம். உன் உடம்பும் அம்மாவின் உடம்பும் எப்படி இருக்கின்றன என்று எழுது.

போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் நம்மில் ஒருத்தி வைத்துவிடுகிறாள். போன வாரம் வைத்தது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. அதனால் இனி எழுதிக்கொள்வோம்.

அம்மா சில வாரம் நம்மைப் போல் இருக்கிறாள், சில வாரம் ராத்திரியெல்லாம் விழித்து வீட்டைச் சுற்றி வருகிறாள், பகலில் தூங்குகிறாள் என்றாய். கண் போய் ஆறு வருஷம், வயது எழுபத்தாறு. தூக்கம் முன்னே பின்னே போகத்தான் செய்யும். நீ பகலில் மெஷினில் நின்றபடியே தூங்கி வழிவதாகச் சொன்னதுதான் கவலையாக இருக்கிறது. ஆனால் அம்மாவை இங்கே கொண்டுவர முடியாது. மூன்றாவது மாடி, மகளுக்குப் பரீட்சை, இவருக்குச் சின்னச் சத்தம்கூட ஆகாது. உனக்கு வீட்டில் காத்திருக்கிறவர் யாரும் இல்லை. நீ கொஞ்சம் அனுசரிக்கலாம்.

இருந்தாலும் ஒரு வாக்குத் தருகிறேன், எழுத்திலேயே தருகிறேன். மோசமான நாட்கள் எவை என்று முன்கூட்டியே சொல்ல முடிந்தால், அந்த நாட்களுக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறேன். ஆனால் "நேத்து ரொம்ப மோசம்டி" என்பது எனக்குப் போதாது. தினமும் காலை ஆறு மணிக்கு, ஒரு நிமிடம் முன்னே பின்னே இல்லாமல், அம்மாவின் உடம்புச் சூட்டை எடுத்துக் குறித்து வை. தூக்கத்தில் சூடு இறங்கும், விழிப்பில் ஏறும். தூங்கினாளா என்று கேட்டால் உன் அலுப்பு பதில் சொல்லும். சூடு பொய் சொல்லாது. இரண்டு சுற்று வரும் அளவுக்கு எண்கள் சேர்ந்ததும் அனுப்பு. அதில் ஒழுங்கு இருக்கிறதா என்று பார்ப்பதுதான் நான் இருபது வருஷமாகச் சோறு தின்னும் வேலை.

இத்துடன் என் புத்தகம். மாணவர்களுக்காக நம் மொழியிலேயே எழுதியது. அம்மா கையில் கொடு, அட்டையில் என் பெயர் மேடாக அச்சாகியிருக்கிறது, தடவிப் பார்க்கட்டும்.

அன்புடன்,
உன் தங்கை


ஜனவரி 26

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதமும் புத்தகமும் வந்தன. மூன்று பேரும் சுகம் என்று படித்ததில் சந்தோஷம். இங்கே அம்மா சுகம். நானும் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

புத்தகத்தை அம்மா மடியில் வைத்தேன். உன் பெயரை ஒவ்வொரு எழுத்தாகத் தடவினாள்.

"சுண்டு என்னடி எழுதியிருக்கா?"

"அலையப் பத்திம்மா."

"கடலா?"

"இல்லம்மா, கரண்டு, சத்தம், அந்த மாதிரி."

"அவ சின்னதுலயே சத்தம்தான்" என்று சிரித்தாள். புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு கொடுக்க மாட்டேன் என்கிறாள்.

தொழில்காரி என்ற முறையில் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. உன் புத்தகத்தின் ஓரவெட்டு கோணல். கத்தி மழுங்கிய மெஷினில் யாரோ அவசரத்தில் வெட்டியிருக்கிறார்கள். எங்கள் பிரஸ்ஸுக்கு அனுப்பியிருந்தால் நூல் பிடித்தாற்போல் வெட்டிக் கொடுத்திருப்பேன்.

தெர்மாமீட்டர் வாங்கிவிட்டேன், எண் காட்டும் வகை. இன்று காலை ஆறு மணிக்கு 97.2. அம்மா வாயை மூடிக்கொண்டு அது கூவும்வரை சமர்த்தாக இருந்தாள். "பரீட்சையா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

உன் வாக்கை மடித்துப் பர்ஸில் வைத்திருக்கிறேன். உன்னை நம்பாமல் இல்லை. மெஷினில் நிற்கும்போது எடுத்துப் படித்தால் கொஞ்சம் தெம்பாக இருக்கிறது.

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 12

அன்புள்ள தங்கைக்கு,

நீ, உன் வீட்டுக்காரர், மகள் எல்லாரும் சுகமாக இருப்பீர்கள். மகளுக்குப் பரீட்சை நன்றாக நடந்ததா?

எழுபத்தேழு நாள் எண்கள் இத்துடன். ஒரு நாளும் விடவில்லை. எனக்குக் காய்ச்சல் கண்ட அன்றுகூட எடுத்தேன்.

நீ பார்த்துச் சொல்வதற்கு முன்னால் எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன், சிரிக்காதே. ஜனவரி 26ல் 97.2. அங்கிருந்து மெல்ல மெல்ல ஏறி பிப்ரவரி நடுவில் 98.8. பிறகு இறங்குகிறது. மார்ச் 4ல் அடிக்கு வந்துவிட்டது. மறுபடி ஏறி, மார்ச் 22ல் உச்சி, ஏப்ரல் 10ல் மறுபடி அடி. அடியிலிருந்து அடிக்கு முப்பத்தேழு நாள். அடியில் இருக்கும் நாட்களில் அம்மா நம்மைப் போல் விடியலில் எழுந்து ராத்திரி படுக்கிறாள். உச்சியில் இருக்கும் நாட்களில் தலைகீழ்.

அவள் எழுந்திருக்கும் நேரத்தையும் ஓரத்தில் குறித்திருக்கிறேன். தினமும் முந்தின நாளைவிட நாற்பது நிமிடம் போல் தாமதம். ஒருநாளும் முன்னே போவதில்லை. நம் முன்னறைக் கடிகாரம் பின்தங்குமே, அதே மாதிரி. நம் நாளுக்கு இருபத்துநாலு மணி நேரம், அவள் நாளுக்கு அதற்கு மேல் நாற்பது நிமிடம். வெளிச்சம் தெரிகிற நமக்குக் காலை வந்து கடிகாரத்தைத் திருப்பி வைக்கிறது. அவளுக்கு யார் வைப்பது? அவ்வளவுதான் அவள் நோய் என்று நினைக்கிறேன்.

அப்படியானால் அடுத்த மோசமான காலம் ஏப்ரல் 21 முதல் மே 5 வரை. அந்தப் பதினைந்து நாள் மட்டும் வா. ராத்திரி நீ அவளோடு இரு, நான் தூங்குகிறேன். பிறகு இரண்டு மாதம் உன்னைக் கூப்பிட மாட்டேன்.

ஒன்று சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன், சொல்கிறேன். எங்கள் வெட்டு மெஷினில் இரண்டு பட்டன். இரண்டு கையாலும் இரண்டையும் அழுத்தினால்தான் கத்தி இறங்கும், கை உள்ளே போகக் கூடாது என்பதற்காக அப்படி. வேலை வேகமாக ஓட, நாங்கள் எல்லாரும் ஒரு பட்டனில் அட்டைத்துண்டைச் செருகிவைத்து ஒற்றைக் கையால் ஓட்டுவோம். மேஸ்திரி பார்த்தும் பார்க்காததுபோல் போவார். மார்ச் 22ல் கத்தி இறங்கி முடித்த பிறகுதான் அது இறங்கியதே எனக்குத் தெரிந்தது. அன்று கை வெளியே இருந்தது.

எந்த வண்டியில் வருகிறாய் என்று எழுது. ஸ்டேஷனுக்கு வருகிறேன்.

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். மகள் நன்றாக எழுதியிருக்கிறாள். நீ உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். காய்ச்சலோடு வேலைக்குப் போகாதே.

எண்களை முழுவதுமாகக் கணினியில் போட்டு மூன்று மாலைகள் உட்கார்ந்து பார்த்தேன். உன் உழைப்பைப் பாராட்டுகிறேன், நிஜமாகவே. ஆனால் முடிவு நீ நினைப்பதுபோல் இல்லை.

ஓர் எண் வரிசை ஒழுங்காகத் திரும்பி வருகிறது என்றால் அதற்குத் திட்டவட்டமான இலக்கணம் உண்டு. இத்தனை நாள் கழித்து, அதே எண்கள், அதே வரிசையில், அப்படியே வர வேண்டும். ஏறக்குறைய என்ற சொல்லுக்கு அங்கே இடம் இல்லை. உன் ஜனவரி 26ல் 97.2. முப்பத்தேழு நாள் கழித்து 97.3. பிப்ரவரி 7ல் 98.3. அதற்கு முப்பத்தேழு நாள் கழித்து 98.5. முப்பத்தாறு, முப்பத்தெட்டு, எழுபத்துநாலு எல்லாம் வைத்துப் பார்த்துவிட்டேன். எதிலும் வரிசை திரும்பவில்லை. உன் கண்ணுக்கு ஏதோ தெரிகிறது என்றால், களைத்த கண்ணுக்கு மேகத்திலும் முகம் தெரியும்.

ஆகவே நாட்களை முன்கூட்டியே சொல்ல முடியாது. சொல்ல முடிந்தால் வருவேன் என்றுதான் எழுதியிருந்தேன். நீயே பர்ஸைத் திறந்து படித்துப் பார்.

கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடவில்லை. உன் ஊரிலேயே, பஸ்ஸில் இருபது நிமிடத்தில், இவருக்குத் தெரிந்தவர் நடத்தும் முதியோர் இல்லம் இருக்கிறது. படிவத்தில் ஒரு கேள்வி: தூக்கத்திலும் விழிப்பிலும் ஒழுங்கு உண்டா? உண்டு என்றால் அவர்கள் சேர்ப்பதில்லை, வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று திருப்பிவிடுவார்கள். இல்லை என்றால் பூட்டிய வார்டில் இடம் தருவார்கள். உன் எண்களை இணைத்து, ஒழுங்கு இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டேன். பிள்ளைகள் இருவரும் கையெழுத்திட வேண்டும். உன்னுடையதுதான் பாக்கி.

உனக்கும் ஓய்வு கிடைக்கும். யோசித்துப் பார்.

அன்புடன்,
தங்கை


ஜூன் 6

அன்புள்ள தங்கைக்கு,

எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும். நான் இருக்கிறேன்.

உன் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் போடாததற்கு மன்னித்துக்கொள். எழுத வசதிப்படவில்லை.

நான் கையெழுத்திட்டுவிட்டேன். நீ படித்தவள். மூன்று மாலை உட்கார்ந்து பார்த்தேன் என்கிறாய். நான் பார்த்தது மேகம்தான் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

மே 16ல் அம்மாவைச் சேர்த்தேன். அன்று அவள் விடிந்ததும் எழுந்து, டீ குடித்து, செருப்பைத் தானே தேடிப் போட்டுக்கொண்டாள். பஸ்ஸில் பக்கத்து சீட்காரியோடு ஒரே பேச்சு. வாசலில் கேட்டாள்:

"நான் சரியாத்தானடி இருக்கேன்? எதுக்கு இங்க?"

"கொஞ்ச நாள்தாம்மா."

"சுண்டு சொன்னாளா?"

"ஆமா."

"அப்ப சரி" என்றாள்.

அந்த வார்டின் கதவுக்கு உள்பக்கம் கைப்பிடி இல்லை. மூடியதும் அம்மா கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தாளாம். வெளியே நின்ற எனக்குச் சத்தம் கேட்டது.

ராத்திரி ஒன்பதுக்கு மாத்திரை கொடுத்துவிடுகிறார்கள். பார்வையாளர்களுக்குக் காலை பத்து முதல் பன்னிரண்டு. ஓர் ஆளுக்கு மட்டும் பாஸ் உண்டு, அது என்னிடம் இருக்கிறது. அதைக் காட்டினால் காலை ஆறு மணிக்கும் அரை மணி நேரம் விடுவார்கள், முகம் கழுவிவிட. தெர்மாமீட்டரை எடுத்துப் போகிறேன். பழக்கம் விடவில்லை.

வெட்டு மெஷினில் இப்போது நான் இல்லை. தாள் எண்ணும் மேசைக்கு மாற்றிவிட்டார்கள்.

அக்கா


ஜூன் 17

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கண்டு மனம் லேசானது. நாங்கள் மூவரும் சுகம். நீயும் இப்போது நன்றாகத் தூங்குவாய் என்று நம்புகிறேன்.

ஆனால் அது என்ன கையெழுத்து? கோழி கிளறியதுபோல் இருக்கிறது. பள்ளியில் அழகான எழுத்துக்குப் பரிசு வாங்கியவள் நீ. இவர் பார்த்துவிட்டு, "உங்கக்கா தண்ணி கிண்ணி போட ஆரம்பிச்சிட்டாங்களா?" என்றார். சிரித்துவிட்டோம். அவசரமாக எழுதாதே, அம்மாவும் வீட்டில் இல்லை, நேரம்தான் கிடக்கிறதே.

ஒரு நல்ல செய்தி. துறைத் தலைவராகிவிட்டேன். ஏப்ரல் 29ல் நேர்காணல், போன வாரம் ஆணை வந்தது. ஐந்து பேர் போட்டியிட்ட இடம். அம்மாவிடம் சொல். எண்ணும் மேசையும் நல்லதுதான், உட்கார்ந்து பார்க்கிற வேலை.

அம்மா என்னைக் கேட்கிறாளா?

அன்புடன்,
தங்கை


ஜூலை 28

அன்புள்ள தங்கைக்கு,

உன் பதவி உயர்வைச் சொன்னேன். அம்மா சந்தோஷப்பட்டாள். ஏப்ரல் 29 என்ற தேதியை நானும் மறக்க மாட்டேன்.

கேட்கிறாள். தினமும் கேட்கிறாள்.

ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போகிறது என்று மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். இப்போது தூக்கம் முன்போலவே தள்ளித் தள்ளிப் போகிறது, உடம்புதான் பாதியாகிவிட்டது.

அரை மணி நேரம் என்ன பேசுவது? அதனால் உன் புத்தகத்தை வாசித்துக் காட்டுகிறேன். சேர்க்கும்போது எடுத்துவந்தது அது ஒன்றுதான். எனக்குப் பாதி புரிவதில்லை, அவளுக்கு முக்கால்வாசி புரிவதில்லை. ஆனாலும் "நம்ம சுண்டு எழுதுனது, விடாம படி" என்கிறாள். சூத்திரம் வந்தால் தாண்டிவிடுவேன். கண்டுபிடித்துவிடுவாள்: "எதையோ முழுங்குறே."

நேற்று மூன்றாம் அத்தியாயத்தில் நாற்பத்தொன்றாம் பக்கம் வந்தது. அம்மா அதை இரண்டு முறை வாசிக்கச் சொன்னாள்.

மகளை விசாரித்ததாகச் சொல்.

அக்கா


செப்டம்பர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறாயா? துறை வேலை கழுத்தை நெரிக்கிறது, அதனால்தான் தாமதம். உன் கடிதம் வந்தது.

இல்லத்து டாக்டர் இவருக்கு போன் செய்தார். அம்மாவின் இதயம் தளர்ந்துவிட்டது, மாதக்கணக்குத்தான், வர நினைப்பவர்கள் வந்துவிடுங்கள் என்றார். இந்தப் பருவத்தில் எனக்கு மூன்று நாள்தான் விடுப்பு கிடைக்கும். காலை பத்திலிருந்து பன்னிரண்டுக்குள்தான் விடுவார்கள் என்று எழுதியிருந்தாய். மொத்தம் ஆறு மணி நேரம். அந்த ஆறு மணி நேரமும் அவள் விழித்திருக்க வேண்டும் அக்கா. அவளிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். தூங்குகிறவளிடம் சொல்ல முடியாது.

நீ இன்னும் சூடு எடுத்துக் குறிக்கிறாய் என்று தெரியும். எந்த மூன்று நாள் வந்தால் விழித்திருப்பாள்? பார்த்து, நாள் குறித்துக் கொடு. நீ சொல்லும் நாளில் வருகிறேன்.

அன்புடன்,
சுண்டு


செப்டம்பர் 7

அன்புள்ள சுண்டுவுக்கு,

நான் நலம். நீ வருகிறாய் என்றதும் அம்மா முகத்தைப் பார்க்க வேண்டுமே. தலை வாரிவிடச் சொல்கிறாள்.

குறிப்பேட்டைப் பார்த்தேன். செப்டம்பர் 18, 19, 20. இந்த மூன்று நாள் வா. அதற்கு முன்னால் வேண்டாம், அடுத்த வாரமும் வேண்டாம். டிக்கெட் போட்டுவிடு.

வீட்டில் தங்கலாம். உன் பழைய அறையில் புது விரிப்பு போட்டு வைக்கிறேன்.

அன்புடன்,
அக்கா


செப்டம்பர் 25

அக்கா,

ஊர் வந்து சேர்ந்தேன். சுகம் விசாரிக்க மனம் வரவில்லை.

மூன்று நாள். ஆறு மணி நேரம். அம்மா ஒரு தடவைகூடக் கண்ணைத் திறக்கவில்லை. நான் இரும்பு ஸ்டூலில் உட்கார்ந்து அவள் தொண்டைக்குழி ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் ஆயாவிடம், எப்போதும் இப்படித்தானா என்று கேட்டேன்.

"இப்ப கொஞ்ச நாளாத்தாம்மா. சாயங்காலம் எந்திரிக்கும். விடிய விடியப் பேச்சுதான். சுண்டு, சுண்டுன்னு ஒரு பேரு. பேத்தியா?"

நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. எழுப்பலாமா என்று மட்டும் கேட்டேன். "உங்கம்மாதானே, எழுப்புங்க" என்றாள். கை போகவில்லை. எழுந்து முதல் வார்த்தையாக என்ன கேட்பாளோ என்று பயம். தானாக விழிக்கட்டும், விழிக்கட்டும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டுக்கு மணி அடித்தார்கள்.

மூன்று நாளும் உன் வலது கை துணிப்பைக்குள்ளேயே இருந்தது. கடைசி நாள் ஸ்டேஷனில் என் பெட்டியைத் தூக்கியபோதுதான் பார்த்தேன். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை. எப்போது என்று கேட்டேன். "வண்டி வந்துடுச்சு" என்றாய். ஏப்ரல் 29தானே? இடது கையால்தான் எழுதுகிறாயா? அந்தக் கடிதத்தை நாங்கள் சிரித்துக்கொண்டே படித்தோம்.

வண்டியில் உன் பழைய எண்களை எடுத்து, முப்பத்தேழு முப்பத்தேழாகக் கூட்டிக்கொண்டே வந்தேன். செப்டம்பர் 5ல் அம்மா நம்மைப் போல் இருந்திருக்கிறாள். 14லிருந்து 23வரை காலை பத்து மணிக்கு அவளுக்கு நடு ராத்திரி. அந்தப் பத்து நாளின் நட்டநடுவில் மூன்று நாளைப் பொறுக்கி எனக்குக் கொடுத்திருக்கிறாய். தெரிந்தேதான் செய்தாயா? இல்லை, தவறிவிட்டதா? தவறு என்று சொல்லிவிடு, நம்பிவிடுகிறேன்.

நான் எழுதியது பொய் இல்லை. எண்கள் திரும்பவில்லை என்றுதான் எழுதினேன். அவை திரும்பவில்லை.

இன்னும் ஒரு நாள் விடுப்பு கேட்டிருக்கிறேன். என் கணக்கைவிட உன் குறிப்பேடுதான் நிச்சயம். சரியான நாளைச் சொல்.

சுண்டு


அக்டோபர் 15

அன்புள்ள தங்கைக்கு,

நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். அம்மாவை எடுத்த அன்று வந்திருந்தவர்கள் நடுவில் உன்னிடம் பேச முடியவில்லை. சோப்பும் துண்டும் எடுத்துக் கொடுத்ததோடு சரி. அம்மா கடைசியாக என்ன சொன்னாள் என்று சமையலறையில் வைத்துக் கேட்டாய், ஒன்றும் சொல்லவில்லை என்றேன். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது என்று நீதான் சொன்னாய். அதனால் இப்போது எழுதுகிறேன்.

முதலில் உன் கேள்விக்குப் பதில். தெரிந்தேதான் செய்தேன்.

நாற்பத்தொன்றாம் பக்கத்தைப் பார்த்து எழுதுகிறேன். உன் வார்த்தைகள்: "சைன் அலை தவறாமல் திரும்பி வரும். ஆனால் சம இடைவெளியில் அதிலிருந்து எடுத்த எண்களும் திரும்பி வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அலை ஒரு சுற்றுச் சுற்றும் நேரத்துக்கும், நாம் எண் எடுக்கும் இடைவெளிக்கும் உள்ள விகிதம் முழு எண்களின் விகிதமாக அமைந்தால் மட்டுமே எண் வரிசை திரும்பும். எண்கள் திரும்பவில்லை, ஆகவே அலைக்கு ஒழுங்கில்லை என்று எழுதும் மாணவருக்கு மதிப்பெண் கிடையாது."

எனக்கே புரிந்தது. இரண்டாம் முறை வாசித்ததும் அம்மா அந்தப் பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தாள். அப்புறம் சொன்னாள்: "அப்ப நான் ஒழுங்காத்தாண்டி ஓடிக்கிட்டிருக்கேன். நீங்க எட்டிப் பாக்குற நேரந்தான் எனக்குச் சேரல." சொல்லிவிட்டு, "சுண்டுவுக்கு இது தெரியாதா?" என்று கேட்டாள். தெரியாமல் இருக்கும் என்று சொன்னேன். நீ எழுதிய புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அதைச் சொன்னேன். நான் அம்மாவிடம் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

இல்லத்து மேனேஜரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். வீட்டுக்கு அழைத்துப் போகிறேன் என்றேன். "ரெண்டு கையெழுத்து போட்டுச் சேர்த்தது, ரெண்டு கையெழுத்து வேணும்" என்றார். ஜூலையில் உனக்கு எழுதியது அதற்குத்தான். நாற்பத்தொன்று என்ற எண்ணைப் பார்த்ததும் நீயே போன் செய்வாய் என்று நினைத்தேன். ஐந்து வாரம் பொறுத்தேன். பிறகு உன் கடிதம் வந்தது. ஒழுங்கே இல்லாத ஒன்றுக்கு நாள் குறித்துக் கேட்டிருந்தாய்.

நான் கொடுத்தேன்.

ஆனால் ஒன்று உனக்குத் தெரிய வேண்டும். அந்த மூன்று நாளும் நான் பிரஸ்ஸுக்குப் போகவில்லை. வார்டுக் கதவுக்கு வெளியே, கண்ணாடிச் சதுரத்தின் பக்கத்தில் நின்றிருந்தேன். நீ கையை நீட்டினால் என் கணக்கு அதோடு போச்சு. தோளில் ஒரு விரல் வைத்தால் போதும். கூலிக்கு வரும் ஆயாவே அவளை எழுப்பித்தான் தண்ணீர் கொடுக்கிறாள். முதல் நாள் நீ எழுப்பிவிடுவாயோ என்று பதறினேன். இரண்டாம் நாள் எழுப்பு, எழுப்பு என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் நீ கடிகாரத்தைத்தான் பார்த்தாய்.

உன் கடைசிக் கடிதம் 28ல் வந்தது. அன்றைக்கெல்லாம் அம்மா பத்து மணிக்கு விழித்துத்தான் இருந்தாள். கிளம்பி வா என்று ஒரு வரி எழுதி உறை போட்டு ஒட்டினேன். பிறகு உன் கடிதத்தை மறுபடி படித்தேன். "நான் எழுதியது பொய் இல்லை" என்ற வரி வந்தது. உறை இன்னும் அலமாரியில் இருக்கிறது.

கையைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஏப்ரல் 29தான். உன் பதில் முந்தின நாள் வந்தது. அதைப் படித்துவிட்டு ராத்திரி முழுக்க அம்மாவோடு உட்கார்ந்திருந்தேன், காலையில் மெஷினுக்குப் போனேன். பட்டனில் அட்டை வைத்தது என் தப்பு, உன்மேல் போடவில்லை.

புத்தகத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். மேஸ்திரியிடம் கொடுத்து மூன்று ஓரமும் மறுபடி வெட்டி வாங்கினேன். இப்போது நேராக இருக்கிறது.

அம்மா 11ஆம் தேதி சொன்னதைச் சொல்லிவிடுகிறேன். காலை ஆறு மணிக்கு 97.3. உன் இலக்கணப்படி அது 97.2 இல்லை. நான் போவதற்கு முன்பே எழுந்து உட்கார்ந்திருந்தாள், நம்மைப் போலவே. மூச்சுதான் மேலே மேலே வாங்கியது, அதனால் என்னை அரை மணிக்கு மேலும் இருக்க விட்டார்கள்.

"சுண்டு வரேன்னாளே, வந்தாளா?"

"வந்தாம்மா. மூணு நாள் வந்து பக்கத்துல உக்காந்திருந்தா. நீ தூங்கிட்டிருந்தே."

போர்வை ஓரத்தை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்.

"தொட்டிருந்தா முழிச்சிருப்பேனே."

அதற்குப் பிறகு பேசவில்லை. ஒன்பது மணிக்குப் போய்விட்டாள்.

நேரத்துக்குச் சாப்பிடு. தூக்கம் கெடாமல் பார்த்துக்கொள்.

அக்கா